வேர்வையைத் தின்ற நெருப்பு

தேயிலைத் தொழிற்சாலை மூடி இரண்டு வருஷம் ஆகி, லைன் வீடுகளுக்கு வந்துகொண்டிருந்த கரண்டையும் பிடுங்கிவிட்டு, காட்டைச் சுற்றிக் கம்பி வேலியும் போட்டு முடித்த பிறகு வந்த மார்கழி அது. எங்கள் ஏழாம் நம்பர் லைனில் குடியிருந்த பத்தொன்பது வீட்டுச் சனத்துக்கும் அந்தக் குளிருக்கு எதிராக மிச்சம் இருந்தது சவரிமுத்து செய்த ஒரே ஒரு கணப்புச் சட்டிதான், அதுவும் ஒரு பக்கம் நசுங்கினது.

சவரிமுத்து அந்தத் தொழிற்சாலையிலேயே இருபத்தாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவன். வேலை போனதும் டவுனில் பழைய இரும்புக்கடை ஓரமாக ஒரு மூலையைக் கேட்டு வாங்கி அங்கே வெல்டிங் செட்டைப் போட்டுக்கொண்டான். மோட்டார் கருகிப் போச்சு, போர்டு போச்சு, ரிப்பேருக்குக் கொடுப்பதைவிடப் புதுசே வாங்கிக்கொள்ளலாம் என்று ஆட்கள் தூக்கிப் போட்ட வாஷிங் மெஷின்கள் அந்தக் கடைக்கு வண்டி வண்டியாக வரும். அதை ஆட்டைக் கிடத்தி உரிப்பதுபோலக் கிடத்தி, மேல்தகரத்தைக் கழற்றி, பிளாஸ்டிக் தொட்டியை உடைத்து எடுத்து, உள்ளே ஆடாமல் இருக்க வைத்திருக்கும் சிமெண்ட் பாறையை உருட்டித் தள்ளினால், கடைசியில் நடுவயிற்றில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் டிரம் கிடைக்கும், உடம்பெல்லாம் ஓட்டை. அதற்குப் பழைய கட்டில் குழாயை அறுத்து மூன்று கால் வைத்து ஒட்டி, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மலைக்கு மேலே இருக்கிற காட்டேஜ்களுக்குக் கொடுப்பான். அங்கே வருகிறவர்கள் புல்தரையில் அதை வைத்து நெருப்பு மூட்டி, ஓட்டை வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகச் சிந்துவதைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சின சிமெண்ட் பாறைகளை எங்களுக்குக் கொடுத்துவிடுவான். எங்கள் லைனில் எல்லா வீட்டு வாசலிலும் அதுதான் படிக்கல்.

நொண்டி அடிக்கிறது என்று ஒரு காட்டேஜ் மேனேஜர் திருப்பிக் கொடுத்த டிரம்மைத்தான் சவரிமுத்து தலையில் சுமந்து வந்து லைன் முற்றத்தில் வைத்தான். அதற்குக் கண்ணாயிரம் என்று பேர் வைத்தவர் லிங்குசாமி மாமா. தோட்டத்தில் வாச்மேனாக இருந்து முப்பது வருஷமும் தூங்கியே கழித்த மனிதர், பேர் வைப்பதில் மட்டும் கெட்டிக்காரர்.

முதல் உறைபனி விழுந்த அன்று காலையில் எங்கள் லைன் சடையாண்டி கருக்கரிவாளும் கயிறும் எடுத்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் விறகுக்குப் போனான், திரும்பி வரவில்லை.

அவன் பெண்டாட்டி பவுனுத்தாயி அன்றைக்கே ஸ்டேஷனுக்கு ஓடினாள். மறுநாள் நாலு போலீஸ்காரர்கள் வந்து எங்களோடு வேலி ஓரமாக நின்று ரெண்டு மணி நேரம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு அவளிடம் சொன்னார்கள்: "மோப்ப நாய் வருது. அவரு கடைசியா போட்டுக் கழட்டுன சட்டை, துவைக்காதது, ஒண்ணு எடுத்து வைம்மா. கை படக் கூடாது. இன்னொண்ணு, உங்க ஆளுங்க யாரும் உள்ள போய் மிதிச்சு வைக்காதீங்க. அப்புறம் நாய்க்குக் குழம்பிரும்."

அதனால் நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. வேலி தாண்டினால் கேஸ் என்ற பயம் ஒரு பக்கம், நாய்க்குக் குழம்பிவிடும் என்ற நம்பிக்கை ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து எங்கள் காலைக் கட்டிப் போட்டிருந்தன. பவுனுத்தாயி முன்தினம் அவன் கழற்றிப் போட்ட காக்கிச் சட்டையை ரெண்டு குச்சியால் தூக்கி ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடி, மேலே துணி சுற்றி, தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். ஒரு தடவைகூடத் திறந்து மோந்து பார்க்கவில்லை. மோந்தால் அந்த அளவுக்குக் குறையும், குறைந்தால் நாய்க்குப் பற்றாது என்பது அவள் கணக்கு.

நாய் வரவில்லை. பனி நாளுக்கு நாள் ஏறியது. குழாய்த் தண்ணீர் கல்லானது, தேயிலைச் செடியெல்லாம் கருகிச் சாம்பல் நிறம் ஆனது, எட்டாம் நாள் மண் சரிந்து ரோடும் போனது. இருந்த விறகு முடிந்து, ஆட்டுக் கொட்டில் கதவு முடிந்து, பள்ளிக்கூட பெஞ்சு முடிந்து, ஈரக்கட்டைதான் கண்ணாயிரத்துக்குள் புகைந்துகொண்டிருந்தது. அப்போது சவரிமுத்து தன் வேலைச்சட்டையை உலர்த்துவதற்கு விளிம்பில் போட, அது வழுக்கி உள்ளே விழ, நெருப்பு இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்றது. முக்கால் மணி நேரம் நின்று எரிந்து அடங்கியது. அடியில் சட்டை ஒரு நூல் கருகாமல், கழுத்துப்பட்டை வெள்ளையாக, கடையில் மடித்து வைத்தது மாதிரி கிடந்தது.

சவரிமுத்துவின் பெண்டாட்டி அதை உதறிப் பார்த்துவிட்டு, "கிரீஸ் கறைகூடப் போயிருச்சு" என்றாள்.

"சோப்பு மிச்சம்" என்றார் லிங்குசாமி மாமா.

அவ்வளவுதான் பேச்சு. குளிரில் விறைத்துக் கிடக்கிறவனுக்கு நெருப்பு எதைத் தின்கிறது என்று ஆராயவா தோன்றும்? அன்று சாயங்காலமே ஆளுக்கொரு அழுக்குத் துணியோடு வரிசை நின்றோம். மறுநாளே அதற்கு ஒரு முறை வந்துவிட்டது. எந்த வீட்டுத் துணியோ அந்த வீட்டார் வெக்கைப் பக்கம், மற்றவர்கள் சுற்றி. பக்கத்துத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறபோது பெண்டுகள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு ஒன்று போட்டால் அரை நாள் எரிந்தது. செடிக்குக் கவ்வாத்து வெட்டினவன் பனியன் ரெண்டு மணி நேரம். காட்டேஜில் கூட்டிப் பெருக்கப் போன பிள்ளை அங்கே வந்தவர்கள் விட்டுப்போன துண்டு ஒன்றைக் கொண்டு வந்து போட்டது, வாசனைதான் குப்பென்று வந்தது, சூடு துளி இல்லை. லிங்குசாமி மாமா தன் வேட்டியைப் போட்டார், அது புஸ்ஸென்று ஒரு தடவை புகைந்துவிட்டுச் சும்மா கிடந்தது.

"மாமா, உங்க வேட்டி கொட்டாவி விடுது" என்றாள் கோமளா. நிறை வயிறாகக்கூட ஆகாத ஏழாம் மாசத்துப் பிள்ளைத்தாய்ச்சி, அந்த லைனிலேயே வாய்த்துடுக்கானவள்.

"விடாம என்ன செய்யும்? நைட் டூட்டி பாத்த வேட்டியாச்சே" என்றார் அவர், எல்லாரும் சிரித்தோம். அந்த மார்கழியில் நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

அந்த நெருப்புக்கு ஒரு குணம் இருந்தது. யார் துணி எரிகிறதோ அவர் வாசம் வெக்கையோடு வரும். கண்ணை மூடிக்கொண்டே இது மேட்டு வீட்டு ராக்காயி, இது சவரிமுத்து என்று சொல்லிவிடலாம். சுற்றி உட்கார்ந்தவர்கள் மேலெல்லாம் அது படிந்துகொள்ளும், ஈரத்துணியால் துடைத்தாலும் போகாது. துணி மட்டும் ஒன்றுமில்லாமல் திரும்பி வரும். அப்படி வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு தூக்கினால் கைப்பிள்ளைகள் மாரில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, இது யாரோ என்று வீறிட்டு அழுதன. ரெண்டு நாள் பொறுத்தால் சரியாகிவிடும் என்று தாய்மார் சொல்லிக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் கோமளாவுக்கு வலி கண்டது. பிள்ளை ஒரு சாண் நீளம், தோல் வழியாக நரம்பு தெரிந்தது, அழுதால் பூனைக்குட்டி சத்தம்கூட இல்லை. அவள் புருஷன் டவர் கிடைக்கிற பாறை மேல் ஏறி ஆஸ்பத்திரி நர்சுக்குப் போன் போட்டான். "சூட்டுல வைங்க, தாய் நெஞ்சோட ஒட்டி வைங்க, சூடு மட்டும் விடக் கூடாது. ரோடு திறந்ததும் வண்டி அனுப்புறோம்" என்று நர்சு சொன்னாள். அதனால் கண்ணாயிரத்தைக் கோமளா வாசலுக்கே நகர்த்தி, மூன்று பக்கமும் தகரத்தை நிறுத்தி, தாயையும் பிள்ளையையும் அந்த வெக்கையில் உட்கார்த்தி வைத்து, அணையாமல் பார்த்துக்கொண்டோம். பத்தொன்பது வீட்டு அழுக்கும் நாலே நாளில் தீர்ந்தது.

எல்லாரும் வெளுத்த துணி உடுத்தி, கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி நின்றோம், போடுவதற்கு ஒன்றும் இல்லை. ஆம்பிளைகள் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓடி வேர்க்க வைத்து சட்டையைக் கழற்றிப் போட்டார்கள். கண்ணாயிரம் அதைச் சீந்தவில்லை.

"ஓடுன வேர்வை வேணாமாம். வேலை செஞ்ச வேர்வைதான் வேணுமாம்" என்றான் சவரிமுத்து.

"அது மொதலாளிக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவான்" என்றார் லிங்குசாமி மாமா, அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மூடின தோட்டத்தில் போய்க் கூலி இல்லாமல் மண்வெட்டி பிடித்தும் பார்த்தார்கள். ஒரு வேளைக் கஞ்சி குடித்த உடம்பில் எவ்வளவுதான் வேர்க்கும்? கால் மணி நேரம் எரிந்தது.

பிறகு, ஒருவரும் சொல்லாமலே, பதினெட்டு வீட்டுச் சனமும் பவுனுத்தாயி வாசலில் போய் நின்றது.

அவள் டின்னை மடியில் வைத்துக்கொண்டு படிக்கல்லில் உட்கார்ந்திருந்தாள். எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"கேட்டா தரமாட்டேன்னு தெரிஞ்சுதான கேக்காம நிக்கிறீங்க" என்றாள்.

டின் மூடியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டாள்.

"இதுவும் போச்சுன்னா நாய் எதை வச்சு அவரைத் தேடும்? நீங்க போய்த் தேடுவீங்களா? வேலிகிட்ட நின்னு கூப்பிட்டவங்கதான நீங்க?"

உள்ளதைத்தானே சொல்கிறாள்.

சவரிமுத்து முன்னால் வந்து குத்தவைத்து உட்கார்ந்தான். "மதினி, முழுசும் வேணாம். ஒரு கையை மட்டும் வெட்டிக் குடுங்க. நாய்க்கு மிச்சம் இருக்கும்ல."

அவள் எழுந்து போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தாள். டின்னைத் திறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடது கையைத் தோளோடு வெட்டிக் குச்சியில் மாட்டி நீட்டினாள்.

இடது கை ஒரு பகலும் ஒரு ராவும் எரிந்தது. பிள்ளையின் உதடு சிவந்தது. மறுநாள் வலது கை வந்தது, அரிவாள் பிடிக்கிற கை, அது இன்னும் கொஞ்சம் கூடுதலாக எரிந்தது. அடுத்தது முதுகு, இருபது வருஷம் கூடையும் விறகும் உரசின முதுகு, அது ரெண்டு நாள் தாங்கியது. முன்பக்கம் ரெண்டு பாதியும் பீடி வாடையோடு ஒரு நாள். ஒவ்வொன்றுக்கும் அவள் வாசலுக்குப் போய் நாங்கள் நின்றோம், ஒவ்வொன்றுக்கும் அவள் நாய்க்கு எவ்வளவு மிச்சம் என்று விரலால் அளந்து பார்த்துவிட்டுத்தான் வெட்டினாள்.

அந்த அஞ்சு நாளும் சடையாண்டி எங்கள் நடுவில் இருந்தான். பச்சைத் தேயிலைப் பால், பீடி, தலைக்கு வைக்கிற விளக்கெண்ணெய், மழையில் நனைந்த காக்கி, அத்தனையும் வெக்கையோடு வந்து எங்கள் முகத்தில், கையில், பிள்ளையின் உச்சந்தலையில் படிந்தது. பவுனுத்தாயி மட்டும் கிட்ட வரமாட்டாள். காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகவே தள்ளி நிற்பாள்.

"வந்து உக்காருங்க மதினி" என்றான் சவரிமுத்து. "அண்ணன் வாசம் வருது."

"வேணாம்."

"இதுல குறையுறதுக்கு என்ன இருக்கு? எரியத்தான செய்யுது."

"எரியட்டும். எனக்கு ஆளு வேணும், வாசம் வேணாம். வாசத்தை வாங்கிட்டேன்னா ஆளு வரமாட்டாரு."

கடைசியாகக் காலர் மிஞ்சியது. காலர் நாய்க்கு என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள், நாங்களும் அதற்குமேல் அவள் வாசலுக்குப் போகவில்லை. நெருப்பு அடங்கியது. விடியும்போது தகரத்தின் உள்பக்கமே பனி பூத்திருந்தது. பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது, காலும் கையும் நீலம் பாரித்தன. வாய்த்துடுக்குக்காரி கோமளா ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளையின் பாதத்தைத் தன் வாய்க்குள் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்.

பவுனுத்தாயி தானாக வந்தாள். டின்னைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு காலரைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.

காலர் ஒன்றரை நாள் எரிந்தது. அது அடங்கும்போது வெயில் வந்தது, ஓட்டுக் கூரையிலிருந்து பனி உருகிச் சொட்ட ஆரம்பித்தது, கீழே ரோட்டில் மண்ணள்ளுகிற வண்டியின் சத்தம் கேட்டது. பிள்ளை வாய் வைத்துப் பால் குடித்தது.

ரோடு திறந்ததும் முதலில் வந்தது ஆஸ்பத்திரி வண்டி இல்லை, நாய் வண்டி.

பவுனுத்தாயி வெளுத்த துண்டுகளை எல்லாம் கோர்த்துத் தைத்து மறுபடி சட்டையாக்கி வைத்திருந்தாள். நாய்க்காரர் அதை நாயின் மூக்குக்கு நேரே பிடித்தார். நாய் ஒரு தும்மல் போட்டது.

"என்னம்மா, துவைச்சு வச்சிருக்கீங்க. துவைக்கக் கூடாதுன்னு சொன்னாங்களா இல்லையா?"

"துவைக்கல சார். எரிஞ்சுது."

நாய்க்காரர் நல்ல மனுஷன், கோபித்துக்கொள்ளவில்லை. வேறு செருப்பு, தலையணை ஏதாவது உண்டா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே நாய் தானாகப் போய் படிக்கல்லில் கிடந்த வெறும் பிஸ்கட் டின்னுக்குள் மூக்கை நுழைத்தது. வாலை விறைத்துக்கொண்டு இழுத்தது. பவுனுத்தாயி எழுந்து நின்றுவிட்டாள். நாய் வேலிப்பக்கம் போகவில்லை. நேராக லிங்குசாமி மாமாவிடம் போய் அவர் காலை மோந்து, முன்னால் உட்கார்ந்தது. ஆளைக் கண்டுபிடித்தால் அந்த நாய் அப்படித்தான் உட்காருமாம்.

"இவரா?" என்றார் நாய்க்காரர்.

"நான் எங்கயும் போகலைங்களே" என்றார் மாமா.

நாயை எழுப்பி மறுபடி டின்னைக் காட்டினார். அது சவரிமுத்து முன்னால் போய் உட்கார்ந்தது. மறுபடி காட்ட, ராக்காயி முன்னால். இப்படி லைன் நெடுக ஆம்பிளை, பொம்பிளை, பல் முளைக்காததுவரைக்கும் ஒவ்வொருவர் முன்னாலும் உட்கார்ந்து, கடைசியில் கோமளா மடியில் கிடந்த பிள்ளையின் உச்சந்தலையை மோந்து, அதன் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது. வழியில் பவுனுத்தாயியை மட்டும் கடந்து போனது. அவள் கையை நீட்டினாள். மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு விலகிப் போனது.

பனியில் மூக்கு கெட்டுவிட்டது என்று நாய்க்காரர் தாளில் எழுதி, வேறு நாய் வரும் என்று சொல்லி வண்டி ஏறினார். மத்தியானம் ஆஸ்பத்திரி வண்டி வந்து கோமளாவையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போனது.

"நாய் மூக்குக்கு ஒண்ணும் ஆகல" என்றாள் பவுனுத்தாயி, தரையைப் பார்த்துக்கொண்டு. "அவரு எல்லார்கிட்டயும் இருக்காரு. எங்கிட்டதான் இல்ல." சொல்லிவிட்டு ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு வேலியைப் பார்த்து நடந்தாள்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவர் மேல் வீசுகிற சடையாண்டி வாசம் இன்னொருவருக்கு அடித்தது. வாழ்நாளில் ஒரு நிரை தேயிலைச் செடியை முழுசாகப் பார்த்து முடிக்காத லிங்குசாமி மாமாதான் முதலில் ஓடிப்போய் அவளுக்கு முன்னால் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். "கேஸ் போட்டா என் மேல போடட்டும், சும்மாதான் இருக்கேன்" என்றார்.

நாங்கள் காட்டில் ஆள் தேடக் கற்றவர்கள் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது கொழுந்து பறிப்பது. அதையே செய்தோம். நாற்பத்து மூன்று பேரும் ஆளுக்கொரு நிரையாகக் கை எட்டுகிற தூரத்தில் நின்று, தன் நிரையை விட்டு நகராமல், பக்கத்து நிரையை முந்தாமல், செடி செடியாகக் கையால் விலக்கிப் பார்த்து, நிரை முடிந்ததும் குரல் கொடுத்து, திரும்பி அடுத்த நிரை பிடித்தோம். ஒரு இலையடியும் விடாமல் மலையையே பறித்தோம். முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாள் மத்தியானத்துக்கு மேல் சவரிமுத்துவின் நிரையில், வெயில் எட்டாத ஒரு பாறை இடுக்கில் கிடந்தான். முதுகில் விறகுக்கட்டு இருந்தது, கயிறு நெற்றியில் இருந்தது. வழுக்கி விழுந்ததில் கட்டு மாட்டிக்கொண்டு அவனை எழுந்திருக்க விடவில்லை. பனி அவனைக் கிடந்த மேனிக்கே கெடாமல் வைத்திருந்தது. வேலியிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். நாங்கள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்டிருக்கும்.

அவனையும் விறகையும் தூக்கிக்கொண்டு லைனுக்கு வந்தோம். ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பினோம். அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போய், அறுத்து, மருந்து அடித்து, வெள்ளைத் துணியில் சுற்றித்தான் திருப்பித் தருவார்கள், எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னால் முறை தவறக் கூடாது என்று பெண்டுகள் அண்டாவில் தண்ணீர் காய வைத்து, மஞ்சளும் சீயக்காயும் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

பவுனுத்தாயி குறுக்கே வந்து நின்றாள்.

"யாரும் குளிப்பாட்டாதீங்க."

"மதினி, எல்லாருக்கும் செய்யுற முறை" என்றான் சவரிமுத்து.

"இருக்கட்டும். அவரு வெட்டுன விறகைப் போட்டு மூட்டு. குளிர் விட்டாப் போதும்."

சவரிமுத்து கட்டை அவிழ்த்து, கண்ணாயிரத்தில் நாலு கட்டை வைத்து மூட்டினான். காய்ந்த விறகு, சாதாரணமாகப் பிடித்து, சாதாரணமாக எரிந்து, சாம்பலானது. அந்த வெக்கையில் சடையாண்டியைக் கிடத்தினோம். முடியிலிருந்து பனி உருகி வழிந்தது. பிறகு சட்டைக் கழுத்து நனைந்து தளர்ந்தது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விறைப்பு விட்டன. தண்ணீர்ச் செம்போடு ராக்காயி கிட்ட வந்தாள்.

"தள்ளிப் போ" என்றாள் பவுனுத்தாயி. "நீங்கள்லாம் அஞ்சு நாள் எடுத்துக்கிட்டீங்க. எனக்கு இன்னும் வரல."

அவன் பக்கத்தில் படுத்து, காதுக்குக் கீழே கழுத்து மடிப்பில் முகத்தை வைத்தாள். இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த மூச்சை இழுத்தாள்.

கீழ் வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. அவள் தலையைத் தூக்கவில்லை.